புளியரைச் சாலை நாற்றுப்பண்ணை: காந்தள் கிழங்கை நம்பி வாங்கலாம், கம்பத்தையும் மண் மூட்டையையும் விட்டுவிடலாம்

செங்கோட்டையிலிருந்து புளியரைக்குச் செல்லும் சாலையில், கேரள எல்லைச் சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னதாக, நாட்டுப் பூங்கொடிகளுக்கென்று பாதி இடத்தை ஒதுக்கி வைத்திருக்கும் நாற்றுப்பண்ணை ஒன்று இருக்கிறது. அதன் பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் ‘நர்சரி’ என்று எழுதியிருப்பதைத் தவிர வேறு பெயர் எதுவும் இல்லை. ஆகவே இந்த மதிப்புரையிலும் அதற்குப் பெயர் இல்லை. செங்காந்தள், முல்லை, குருக்கத்தி, மைசூர் துன்பர்ஜியா ஆகிய நான்கையும் இங்கே வாங்கி என் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்து வருகிறேன். காந்தளை மூன்று பருவங்களாகப் பார்த்துவிட்டதால் அதைப் பற்றி உறுதியாகவே எழுத முடிகிறது. இந்தக் கடையின் செடிகள் நம்பத்தக்கவை, சொல்லித் தரும் பக்குவம் அதைவிட நம்பத்தக்கது, ஆனால் செடியோடு சேர்த்து விற்கும் பொருள்கள் பல சமயம் அந்தப் பக்குவத்துக்கே எதிரானவை என்பது என் கருத்து.

எல்லைப் பகுதியில் நாற்றுப்பண்ணைகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் பந்தலில் ஏற்ற ஒரு கொடி வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் முதலில் எடுத்துத் தருவது காகிதப்பூ. அதன் பூர்வீகம் பிரேசில். அடுத்து மஞ்சள் அலமண்டா, அதுவும் தென்னமெரிக்கச் செடிதான். இளஞ்சிவப்புப் பூங்கொத்துகளோடு கொடிரோஸ் என்ற பெயரில் விற்பது மெக்சிகோவிலிருந்து வந்தது. இவற்றை வளர்ப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. வெயிலுக்கும் வறட்சிக்கும் அசையாதவை, வருடம் முழுவதும் நிறம் காட்டுபவை. ஆனால் சாரல் விழுகிற மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு, வேலியோரத்தில் தானாக முளைத்து வளரக்கூடிய கொடியை விலை கொடுத்தும் வாங்க முடியாத நிலை வினோதமானதுதான். தமிழ்நாட்டின் மாநிலப் பூ செங்காந்தள் என்று பள்ளியில் படித்த எத்தனையோ பேர் அதைப் பாடநூலின் பக்கத்துக்கு வெளியே பார்த்ததில்லை.

அந்தக் குறையை இந்தக் கடை தீர்க்கிறது, அதுவும் தனக்கென்று ஒரு முறைமை வைத்துக்கொண்டு. காந்தளைப் பூத்த நிலையில் தொட்டியோடு இங்கே விற்பதே இல்லை. காரணம் செடியின் இயல்பில் இருக்கிறது. மண்ணுக்கு மேலே தெரியும் கொடியின் ஆயுள் சில மாதங்கள் மட்டுமே; மழைக்காலத்தில் முளைத்து, படர்ந்து, பூத்து, காய்த்து, பிறகு தண்டும் இலையும் மஞ்சளடித்து முழுவதும் காய்ந்துபோகும். அதற்குள் பழைய கிழங்கு சுருங்கிவிட, அதன் இடத்தில் கலப்பையின் வடிவில் இரண்டு கவைகளோடு புதிய கிழங்கு உருவாகியிருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயர் அதனால் வந்ததுதான். அந்தக் கிழங்கு கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்கும். பூத்த தொட்டியை ஐப்பசியில் வாங்கிச் செல்பவர், கார்த்திகைக்குப் பின் கொடி காய்வதைப் பார்த்துச் செடி செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டியைக் கவிழ்த்துவிடுவார், அல்லது செடியைப் பிழைக்க வைப்பதாக எண்ணித் தினமும் தண்ணீர் ஊற்றிக் கிழங்கை அழுகடித்துவிடுவார். வேறு ஒரு ஊரில், பெரிய கடை ஒன்றில், பூத்த காந்தளைக் கொழுத்த விலைக்கு வாங்கிய என் உறவுக்காரர் ஒருவருக்கு நேர்ந்தது இதுதான். விற்றவர்கள் உறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புளியரைச் சாலைக் கடையில் கிழங்கு கிடைப்பது சித்திரைக் கடைசியிலிருந்து ஆனி முடியும் வரைதான். மற்ற மாதங்களில் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். நான் நின்றிருந்தபோதே கொல்லத்துப் பக்கமிருந்து காரில் வந்த ஒரு குடும்பம், பங்குனி வெயிலில், மேந்தோன்னி வேண்டும் என்று கேட்டது. காந்தளுக்கு மலையாளத்தில் அதுதான் பெயர். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை, “இடவப்பாதி கழிஞ்சு வாங்க சேச்சி, இப்ப அது உறங்குது” என்று சொல்லி அனுப்பிவிட்டார். இடவப்பாதி என்பது மலையாள இடவ மாதத்தின் நடுப்பகுதி, நம் வைகாசிப் பாதி. வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மனம் வருகிற வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தக் குடும்பம் போகும்போது இரண்டு செம்பருத்தியை வாங்கிச் சென்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வியாபாரம் தெரியாதவர் அல்லர் அவர்.

கிழங்குகளை மணல் நிரப்பிய மரப்பெட்டியில், கவைகளின் நுனி ஒன்றன்மேல் ஒன்று படாதபடி, ஒரே திசை நோக்கி அடுக்கி வைத்திருக்கிறார்கள். இது அழகுக்காகச் செய்த ஏற்பாடு அன்று. காந்தள் கிழங்கின் ஒவ்வொரு கவையிலும் முளை அதன் நுனியில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். உருளைக்கிழங்கைப் போல உடலெங்கும் கண்கள் கிடையாது. நுனி ஒடிந்துவிட்டால் கிழங்கு எவ்வளவு கனமாகவும் பசுமையாகவும் இருந்தாலும் அந்தக் கவை முளைக்காது. கடைக்காரரின் மருமகள்தான் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறார். கிழங்கை நடுவில் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பி, வெளிறிய கூம்புபோல் இருக்கும் அந்த முளையைக் காட்டி, “அக்கா, இந்தக் கூரு போச்சுன்னா மிச்சம் கல்லுதான், பாத்துக் கொண்டு போங்க” என்று சொல்லிவிட்டு, நுனியைச் சுற்றித் தென்னைநார்த் துணுக்கு வைத்துக் காகிதத்தில் பொதிந்து தருகிறார். இணையம் வழியாக வேறொரு விற்பனையாளரிடம் நான் வரவழைத்த கிழங்குகள் நெகிழிப் பையில் குலுங்கிக்கொண்டு வந்தன. நுனியோடு வந்தவை சிலவே, முளைத்தவை அவற்றிலும் சில. இரண்டையும் பார்த்த பிறகு, கிழங்கை நேரில் பார்த்து வாங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது.

அளவிலும் நேர்மை இருக்கிறது. வணிகமாகக் காந்தள் பயிரிடுபவர்கள் ஏறத்தாழ 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்கையே நடவுக்கு எடுப்பார்கள். அதைவிடச் சிறியது முளைத்தாலும் அந்த ஆண்டில் பூப்பது உறுதியில்லை. இங்கே பெரிய கிழங்கு, சிறிய கிழங்கு என்று இரண்டு விலை வைத்திருக்கிறார்கள். நான் வாங்கும்போது பெரியது அறுபது, எழுபது ரூபாயும் சிறியது அதில் பாதியும் இருந்தது. சிறியதை எடுத்தால், “இந்த வருசம் பூ எதிர்பாக்காதீங்க” என்று அவர்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். விதையும் கேட்டுப் பார்த்தேன், தர மறுத்துவிட்டார்கள். விதையிலிருந்து வளர்த்தால் பூக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால் வீட்டுத் தோட்டக்காரருக்கு அது பொறுமைச் சோதனை, மறுப்பு நியாயமானதுதான். நட்டு ஒன்றரை மாதத்துக்குள் முளைக்காத கிழங்கைத் தோண்டி எடுத்து வந்து காட்டினால், நுனி உடையாமல் இருக்கும் பட்சத்தில், வேறு கிழங்கு தருகிறார்கள். எனக்கு ஒன்று மாற்றித் தந்தார்கள்; கேள்வி கேட்கவில்லை.

கிழங்குகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டது என் முதல் கேள்வி. இந்த மலைகளில் காந்தள் இயற்கையாக வளர்கிறது. மருந்துக்காகவும் விற்பனைக்காகவும் தோண்டித் தோண்டியே பல இடங்களில் அது அருகிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. சரணாலயத்துக்குள்ளிருந்து அனுமதியின்றிச் செடியைப் பெயர்த்தெடுப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டுக் கிழங்கை மூட்டையில் கொண்டுவந்து கொடுப்பவர்கள் இல்லாமல் இல்லை என்றும், தாம் அதை எடுப்பதில்லை என்றும், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி ஒருவரிடம் விதைக்கிழங்கு வாங்குவதாகவும் கடைக்காரர் சொன்னார். அதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை என்றாலும், பெட்டியில் இருந்தவை ஒரே வயதும் ஒரே பருமனுமாக இருந்ததும், காட்டு மண் ஒட்டாமல் செம்மண் படிந்திருந்ததும் அவர் சொன்னதற்குப் பொருந்தி வந்தன. ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் வட்டாரங்களில் காந்தள் வயல்களாகவே பயிராகிறது. அங்கே கிழங்குக்காக அன்று, விதைக்காகப் பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து கோல்ச்சிசின் என்ற மருந்துப்பொருள் எடுக்கப்படுகிறது. பூவின் சூல்தண்டு செங்கோணமாக வளைந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், காய்ப்பிடிப்பு கூடுவதற்காகக் காலை வேளையில் ஆள் வைத்துப் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைப்பார்கள். வீட்டில் அந்த வேலை தேவையில்லை. காயைப் பற்றிக் கவலைப்படாமல் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அந்தக் கோல்ச்சிசின்தான் இந்தச் செடியை வீட்டில் வைக்கத் தயங்குவதற்குக் காரணமும். கீல்வாதத்துக்கு மிகச் சிறிய அளவில் கொடுக்கப்படும் அதே பொருள், கிழங்கைத் தின்றால் உயிரைப் பறிக்கும். செல்கள் பிளவுபடுவதையே அது தடுத்துவிடுவதால், சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகத் தொடங்கி, பிறகு உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்துச் சமைத்து உண்டு இறந்தவர்கள் உண்டு. கிழங்கில் மட்டுமல்லாமல் விதையிலும் தண்டிலும் இலையிலும் நஞ்சு இருக்கிறது. காய் வெடித்ததும் உள்ளே தெரியும் சிவந்த விதைகள் குழந்தைகளின் கண்ணை இழுக்கும் நிறம் கொண்டவை என்பது இன்னொரு சங்கடம். இந்தக் கடையில் கிழங்குப் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது. பொதிந்து தரும் ஒவ்வொரு காகிதத்தின் மேலும் ‘விஷம், தின்னக்கூடாது’ என்று சிவப்பு மையால் இரண்டு மொழியிலும் எழுதிய அட்டையை நூலால் கட்டுகிறார்கள். வீட்டில் சின்னக் குழந்தையோ செடியைக் கடிக்கும் நாயோ உண்டா என்று கேட்ட பிறகுதான் பணம் வாங்குகிறார்கள். உண்டு என்று சொன்னவரிடம் முல்லையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று திசை திருப்பியதையும் பார்த்தேன். காய்க்கத் தொடங்கும்போதே காயைக் கிள்ளிவிடச் சொன்னதும் அவர்கள்தான். கையுறை போட்டுக்கொண்டுதான் கிழங்கைத் தொட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

இனி குறைகள். கொடி என்றதும் கடையில் தேங்காய்நார் சுற்றிய கம்பத்தை எடுத்து நீட்டுகிறார்கள், அதுவும் கிழங்கைவிட நான்கு மடங்கு விலைக்கு. மணிபிளாண்ட் போன்று தண்டிலிருந்து வேர்விட்டுப் பற்றும் கொடிகளுக்கு அது சரி. காந்தள் ஏறும் விதமே வேறு. அதற்குத் தனியாகப் பற்றுக்கம்பிகள் கிடையாது; இலையின் நுனியே நீண்டு சுருண்டு அருகில் கிடைப்பதைச் சுற்றிக்கொள்ளும். அந்தச் சுருள் ஒரு விரல் நுனியைச் சுற்றும் அளவுக்குத்தான் நீளம். தடித்த கம்பத்தைச் சுற்ற அதனால் முடியாது. நாரின் மேல் ஓரிரு நாள் தடவிப் பார்த்துவிட்டு, கொடி தன் சொந்த இலைகளையே பிடித்துக்கொண்டு தரையில் சரிகிறது. முதல் பருவத்தில் கம்பத்தையும், அதற்கு ஒரு முழம் தள்ளிக் காய்ந்த விராலிக் குச்சிகளையும் நட்டு வைத்து இரண்டையும் பார்த்தேன். குச்சிப் பக்கம் வளர்ந்த கொடி இலைக்கு இலை பிடித்து என் தலைக்கு மேலே போய்விட்டது. கம்பத்துப் பக்கக் கொடியை வாழைநாரால் கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. கோழிவலையும் விராலிக்குச்சியும் ஓலைத் தட்டியின் ஈர்க்குகளும் கிட்டத்தட்டச் செலவே இல்லாமல் செய்கிற வேலையை அந்தக் கம்பம் செய்வதில்லை. வயலில் பயிரிடுபவர்களும் விராலியையும் முள்கிளுவையையும்தான் தாங்கலாக வைக்கிறார்கள். இதைக் கடைக்காரரிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கத்தானே வேண்டும் என்றார். கேட்காதவர்களுக்கும் கொடுக்கிறார் என்பதே என் புகார்.

மண் மூட்டை அதைவிடப் பெரிய குறை. ‘கொடிச் செடிக் கலவை’ என்று பையில் கட்டி விற்பதில் பாதிக்கு மேல் தென்னைநார்க்கழிவு. மதுரையிலோ விருதுநகரிலோ மொட்டை மாடியில் வளர்ப்பவருக்கு அது நல்லது. ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் செங்கோட்டைக்கும் குற்றாலத்துக்கும் நாள் முழுவதும் தூறிக்கொண்டே இருக்கும் காலத்தில், காந்தள் கிழங்கு முளைக்கும் காலமும் அதுவேயாக இருக்கும்போது, ஈரத்தைப் பிடித்து வைக்கும் மண் கிழங்குக்கு எமன். காந்தளுக்கு வேண்டியது தண்ணீர் நில்லாமல் வடியும் செம்மண். சற்று அமிலத்தன்மை உள்ளதிலிருந்து நடுநிலை வரையான மண், அதாவது கார அமிலக் குறியீடு (pH) 6 முதல் 7 வரை, அதற்கு ஏற்றது. இந்தப் பகுதியின் செம்மண் பெரும்பாலும் அதற்குப் பொருந்தியே வருகிறது. அந்தக் கலவையைத்தான் பயன்படுத்துவது என்றால் அதோடு ஏறத்தாழ அதே அளவு ஆற்றுமணலோ பொடிச் சரளையோ கலக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுச் செம்மண்ணும் மக்கிய சாணமும் மணலும் போதும். கிழங்கைப் படுக்கைவசமாக, நான்கு விரல் ஆழத்தில், இரண்டு கிழங்குகளுக்கு இடையே ஒரு சாணுக்குக் குறையாமல் இடம்விட்டுப் புதைத்தால், இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளை வெளியே தெரியும்.

ஆடிக்காற்றைப் பற்றி மருமகள் எச்சரித்தது நல்லதாயிற்று. கணவாய்க் காற்றின் வேகம் இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காந்தளின் இளந்தண்டு கீரைத்தண்டு மாதிரி முறியக்கூடியது. மண் மட்டத்தில் முறிந்தால் அந்தக் கிழங்கிலிருந்து அந்தப் பருவத்தில் வேறு முளையை எதிர்பார்க்க முடியாது. மேற்குப் பக்கம் சுவரோ வேலியோ உள்ள இடமாகப் பார்த்து நடச் சொன்னார். அப்படியே செய்தேன், ஒன்றும் முறியவில்லை.

பூவைப் பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை, ஒன்றை மட்டும் சொல்கிறேன். மொட்டு விரிந்த அன்று ஆறு இதழ்களும் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். நாள் போகப் போக நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் இதழ் முழுவதும் இரத்தச் சிவப்பாகிவிடும். ஓரம் நெளிந்த இதழ்கள் பின்னோக்கி மேலே மடிந்திருக்க, பூவின் முகம் தரையைப் பார்த்துத் தொங்கும். ஒரே கொடியில் நேற்றைய பூவும் முந்தாநாள் பூவும் வேறு வேறு நிறத்தில் நிற்பதைப் பார்த்து, இரண்டு வகை வாங்கி வைத்திருக்கிறீர்களா என்று பக்கத்து வீட்டு மதினி கேட்டார். பறித்து வைத்தாலும் தண்ணீரில் பல நாள் வாடாமல் நிற்கும். ஆவணியில் இது பூத்திருக்கும்போதே ஓணமும் வந்துவிடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்து உறவினர்கள் அத்தப்பூவுக்கு இதழ் கேட்டார்கள், வீட்டில் தவழும் குழந்தை இருந்ததால் நான் கொடுக்கவில்லை.

பூச்சி என்று பார்த்தால் காந்தளை அழிப்பது கருப்பு உடம்பில் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட ஒரு புழு. லில்லி வகைச் செடிகளில் வரும் அந்துப்பூச்சியின் புழு அது. ஓரிரு இரவில் கொடியை மொட்டையடித்துவிடும். கடையில் பூச்சிமருந்துப் புட்டிகள் அடுக்கியிருந்தபோதும், புழுப்பட்ட இலையின் படத்தைக் கைபேசியில் காட்டிய என்னிடம் எதையும் விற்காமல், காலையில் போய்க் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடச் சொன்னார்கள். அடுத்த மழைக்குள் தீர்ந்துவிட்டது.

மற்றக் கொடிகளுக்கு வருகிறேன். முல்லையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நாற்று ஆரோக்கியமானது, முப்பது ரூபாய், பதியம் போட்டு வேர்விட்டது. பரிமுல்லை என்ற தேர்வு வகையைக் கேட்டு வாங்குங்கள். முல்லையைப் பிடிக்கும் கொப்புளச் சிலந்தியைத் தாங்கக்கூடியது. தை மாதக் கடைசியில் கவாத்து செய்தால் பங்குனியிலிருந்து பூக்கும் என்ற குறிப்பு சரியாகவே இருந்தது.

குருக்கத்தி வேறு கதை. மாதவி என்று பாட்டில் வரும் கொடி இதுதான். தை, மாசியில் வெள்ளைப் பூக்கள், இதழோரம் மயிரிழையாகக் கிழிந்து, ஐந்தில் ஒரு இதழில் மட்டும் மஞ்சள் தீற்றலோடு கொத்தாக மலரும். மணம் தெருமுனை வரை போகும். மூன்று சிறகு வைத்த காய் காற்றில் சுழன்றுகொண்டே இறங்குவதைப் பார்ப்பதற்காகவே இதை வளர்க்கலாம். ஆனால் கடைக்காரர் எனக்கு இதைத் தொட்டியில் வளரும் கொடி போல விற்றார். இது கொடி என்ற பெயரில் இருக்கும் மரம். அடித்தண்டு வயதானால் தொடை கனத்துக்கு வரும், இரும்புக் குழாய்ப் பந்தலையும் சாய்க்கும், பக்கத்து மரத்தில் ஏறினால் மரத்தை மூடும். இந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா வரை சொந்த மண்ணில் சாதுவாக இருக்கும் இதுவே மொரீஷியஸிலும் ரீயூனியன் தீவிலும் காட்டை மூடிப் படர்ந்ததால், உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. நாட்டுச் செடி என்ற ஒரே காரணத்தால் ஒரு கொடி எல்லா வீட்டுக்கும் பொருந்திவிடாது என்பதைக் கடையில் சொல்லியிருக்க வேண்டும். கால் ஏக்கர் தோட்டமும் கல்தூண் பந்தலும் உள்ளவர்கள் மட்டும் வாங்கலாம். விதை நாற்றா பதிய நாற்றா என்று கேட்டு, பதிய நாற்றையே எடுக்க வேண்டும்; விதை நாற்று பூக்க வெகுகாலம் காத்திருக்க வைக்கும். என்னுடையது இன்னும் பூக்கவில்லை.

மைசூர் துன்பர்ஜியாவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடிதான். மஞ்சளும் அரக்குச் சிவப்புமான பூச்சரங்கள் பந்தலிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தொங்கும், தேன்சிட்டுகள் விடியற்காலையிலேயே வந்துவிடும். சுவரில் ஏற்றினால் சரம் தொங்க இடமில்லாமல் அழகு போய்விடும். ஆள் உயரத்துக்கு மேல் பந்தல் போட்டால்தான் வாங்க வேண்டும். கடையில் கிடைக்கும் நாற்று நல்ல நிலையில் இருக்கிறது, விலை மட்டும் கூடுதல். இருநூற்றைம்பது ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கினேன்.

‘நாட்டுக் கொடிகள்’ என்று எழுதி வைத்த வரிசையில் பூண்டுக்கொடியும் நிற்கிறது. ஊதாப் பூ பூக்கும், இலையைக் கசக்கினால் பூண்டு வாடை அடிக்கும் அந்தக் கொடி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. சுட்டிக்காட்டியபோது எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். அடுத்த முறை போனபோதும் அங்கேயே நின்றது. காந்தளில் இவ்வளவு கறாராக இருப்பவர்கள் பலகையில் ஏன் அலட்சியமாக இருக்கிறார்கள் என்று விளங்கவில்லை. நாட்டு வகை மட்டுமே வேண்டும் என்பவர்கள் வரிசையை நம்பாமல் செடியின் பெயரைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

போக விரும்புகிறவர்களுக்கு: காலை எட்டு மணிக்குத் திறந்துவிடுகிறார்கள், மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஆள் இருப்பதில்லை. ஜிபே வசதி உண்டு, ஆனால் மலையோரத்தில் கைபேசிச் சமிக்ஞை வந்து வந்து போவதால் கையில் பணம் வைத்திருப்பது நல்லது. செங்கோட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து புளியரைக்குப் போகும் நகரப் பேருந்தில் ஏறிக் கடை வாசலிலேயே இறங்கலாம். கிழங்கைப் பேருந்தில் கொண்டுவருவதானால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே சாமான் தட்டில் போட்டால் நுனி தேறாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லம், புனலூர்ப் பக்கத்து வண்டிகள் நிறைந்துவிடும், பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்ட அன்று அவர்களுக்கு நேரம் இருக்காது. வைகாசி பாதிக்குள் போனால் பெரிய கிழங்குகளில் பொறுக்கி எடுக்கலாம். ஆனி பிறந்த பிறகு போனவர்களுக்குச் சிறியவைதான் மிஞ்சியிருந்தன.